வராண்டாவைக் கண்ணாடி போட்டு மூடலாமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டின் படத்தையும் கையால் வரைந்து, அளவும் திசையும் குறித்து இணைத்திருக்கிறார். இப்படி ஒரு படம் வந்தால் என் வேலை பாதி முடிந்த மாதிரி.

கிழக்குப் பார்த்த வீடு, 2004-ல் கட்டியது. பின்பக்கம், அதாவது மேற்கே, 16 அடிக்கு 9 அடியில் ஒரு வராண்டா. எட்டு வருடம் முன்பு அதற்கு நீல நிறத் தகர ஷீட்டு போட்டார்கள். மூன்று பக்கமும் இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் திறப்பு. சமையலறையின் கதவும் ஜன்னலும் அதில்தான் திறக்கின்றன. ஒரு படுக்கையறை ஜன்னல், குளியலறை வென்டிலேட்டர் எல்லாம் அந்தப் பக்கமே. 82 வயது மாமியார் பகல் முழுக்க அங்கேதான் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். இப்போது மதியம் இரண்டு மணிக்கு மேல் யாராலும் அங்கே உட்கார முடியவில்லை, சாயங்காலம் கொசு, மலையடிவாரம் என்பதால் குரங்கு வேறு.

பெங்களூரில் இருக்கும் மகன், மூன்று பக்கமும் யுபிவிசி ஸ்லைடிங் கண்ணாடி, மேலே பிவிசி ஃபால்ஸ் சீலிங், ஒன்றரை டன் ஏசி என்று முடிவு செய்து, கான்ட்ராக்டரிடம் நாலேகால் லட்சத்துக்கு விலையும் வாங்கிவிட்டார். முன்பணம் 20,000 ரூபாய் போயாகிவிட்டது. மாமியாரோ, "மூடினா எனக்கு மூச்சு முட்டும்" என்கிறார். வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர், தம் ஜன்னலுக்குக் காற்று போய்விடும் என்று முணுமுணுக்கிறார். "இருக்கிற கூரைக்குக் கீழேதானே, அனுமதி எதுவும் வேண்டாம்" என்கிறார் கான்ட்ராக்டர். "வேலூர் வெக்கையும் புழுக்கமும் தாங்காமல்தான் கேட்கிறேன். மூடலாமா, கூடாதா?" இதுதான் கேள்வி.

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மாமியார் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வது கட்டட அறிவியலோடு ஒத்துப்போகிறது. மகனின் அக்கறையிலும் குறை இல்லை. பெங்களூரில் அவர் பார்த்த கண்ணாடி பால்கனி அந்த ஊருக்குச் சரி. அங்கே மூவாயிரம் அடி உயரம், இதமான வெயில். இங்கே நமக்கு மரமில்லா மலை, தண்ணீரில்லா ஆறு. பகலெல்லாம் காய்ந்த பாறை ராத்திரியெல்லாம் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதே கண்ணாடியை இங்கே கொண்டுவந்தால் வேறு வேலை செய்யும்.

உங்கள் கடிதத்தில் வெக்கையையும் புழுக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அவை இரண்டு நோய், மருந்தும் வேறுவேறு.

பங்குனி, சித்திரை, கத்திரி மாதங்களில் நம் ஊரில் அடிப்பது வெக்கை. தெர்மாமீட்டர் 40-ஐத் தாண்டும், ஆனால் காற்றில் ஈரம் குறைவு. துணி அரை மணியில் காய்ந்துவிடும். அப்போது உடம்பை வாட்டுவது மேலே காயும் தகரமும், பக்கவாட்டில் வரும் வெயிலும். ஆவணி, புரட்டாசியில் நிலைமை தலைகீழ். வெயில் அவ்வளவு இருக்காது, மழை பெய்து நின்றிருக்கும், ஆனால் வியர்வை காயாது. அதுதான் புழுக்கம். அதற்கு ஒரே மருந்து காற்றோட்டம். வெக்கைக்கு நிழல், புழுக்கத்துக்குக் காற்று. நீங்கள் போடப்போகும் கண்ணாடி நிழலும் தராது, காற்றையும் நிறுத்திவிடும்.

கண்ணாடி என்ன செய்யும்

வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அதுதான் கண்ணாடி வேலை. வெயிலின் ஒளி கண்ணாடிக்குள் தாராளமாக நுழைந்து தரையையும் கட்டிலையும் சூடாக்கும். அந்தச் சூடு வெப்பக் கதிராகத் திரும்பி வரும்போது கண்ணாடி அதை வெளியே விடாது. சூடான காற்றும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் கொஞ்சம் குறையும். ஆனால் கண்ணாடியே சூடேறி உள்ளே அனலடிக்கும்.

உங்களுடையது மேற்கு வராண்டா என்பதால் இது இன்னும் மோசம். வேலூரில் ஏப்ரல் 24 வாக்கில் உச்சிவேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சிக்கு வரும்வரை வடக்கே சாய்ந்துதான் போகும். அதனால் கத்திரியில் சாயங்கால வெயில் நேர்மேற்கிலிருந்து வராமல் வடமேற்கிலிருந்து தாழ்வாக வரும். கூரையை எவ்வளவு நீட்டினாலும் அதைத் தடுக்க முடியாது. செங்குத்தாக ஏதாவது தொங்கினால்தான் தடுக்கலாம். உங்கள் படத்தில் வடக்குப் பக்கத் திறப்பையும் குறித்திருக்கிறீர்கள். மே மாதம் அதன் வழியாகவும் நாலு மணி வெயில் கட்டில்மேல் விழும். பார்த்திருப்பீர்கள்.

சரி, ஏசி இருக்கிறதே என்பீர்கள். 144 சதுர அடிக்கு ஒன்றரை டன் போதும் என்பது காங்கிரீட் தளமும் செங்கல் சுவரும் உள்ள அறைக்கான கணக்கு. தகரத்துக்குக் கீழே, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து, மேற்கு வெயிலில் நிறுத்தினால் அந்த ஏசி மதியம் முழுக்க ஓயாமல் ஓடும்; மணிக்கு ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதை மகனுக்கு நினைவுபடுத்துங்கள். இவ்வளவு ஓடியும் தகரத்தின் அனல் தலையில் இறங்கிக்கொண்டே இருக்கும். காற்று குளிர்ந்திருந்தாலும் மேலேயிருந்து சூடு வந்தால் உடம்புக்கு இதம் கிடைக்காது.

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. மே மாத மதியம் கரண்ட் போனால், 82 வயதுக்காரர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பார். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, வியர்ப்பதும் குறைவு. ஸ்லைடிங் கதவுகளோ முழுக்கத் திறந்தாலும் பாதி இடம்தான் திறக்கும். ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் போய் நிற்குமே தவிர மறைந்துவிடாது.

சிலிண்டர் எங்கே போகும்?

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். "சிலிண்டர், கேஸ் கீசர், ஏசியோட வெளி யூனிட் எல்லாம் அங்கேயே இருக்கு, அதெல்லாம் மாற்ற வேண்டியதில்லைன்னு கான்ட்ராக்டர் சொன்னார்." மாற்றியே ஆக வேண்டும், டீச்சர். மற்ற எதை ஒத்திப்போட்டாலும் இதை ஒத்திப்போட முடியாது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து தேங்கும். இன்று உங்கள் வராண்டாவில் கழிவுநீர் போகும் துளை, கதவின் கீழ் இடுக்கு எல்லாம் அதை வெளியே விட்டுவிடுகின்றன. இடுப்புச் சுவருக்கு மேல் கண்ணாடி வைத்து, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டியும் போட்டால் அந்த வராண்டா ஒரு தொட்டி. அங்கே வாஷிங் மெஷின் சுவிட்சும் இருக்கிறது. ஒரு பொறி போதும். உங்கள் சமையலறை வாயு மூலையில் இருக்கிறது என்று வாஸ்துக்காரர் பாராட்டியதாக எழுதியிருந்தீர்கள். அந்த வாயு வெளியே போக வழி இருந்தால் நானும் பாராட்டுவேன்.

கேஸ் கீசர் இதைவிட நயவஞ்சகமானது. போதிய காற்றில்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு வரும். மணமும் இருக்காது, நிறமும் இருக்காது. குளியலறை வென்டிலேட்டர் திறந்த வராண்டாவுக்குப் போகும்வரை அது வென்டிலேட்டர். மூடிய அறைக்குள் திறந்தால் அந்தப் புகை மாமியார் படுக்கும் இடத்துக்கே வரும். அதை எடுத்துவிட்டு மின்சார கீசர் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரை வீட்டின் தெற்குச் சந்தில் நிழலாக ஒரு கம்பிக் கூண்டில் நிற்க வைத்து, முறையான செப்புக் குழாயில் அடுப்புக்கு இணைப்பு கொடுக்கச் சொல்லி உங்கள் கேஸ் ஏஜென்சியில் கேளுங்கள்.

ஏசியின் வெளி யூனிட் அறையின் சூட்டை வெளியே கொட்டுவதற்காக இருப்பது. அதையே மூடிய இடத்துக்குள் வைத்தால் படுக்கையறையின் சூடு வராண்டாவுக்கு வரும், யூனிட்டும் தான் கக்கிய அனலையே திரும்ப இழுக்கும். படுக்கையறையும் குளிராது, கம்ப்ரஸரும் நாளடைவில் போய்விடும். அதை மாடிக்கு ஏற்றுங்கள்.

அனுமதியும் பக்கத்து வீடும்

"இருக்கிற கூரைக்குக் கீழேதானே" என்பது கான்ட்ராக்டர்கள் எல்லாரும் சொல்வது. நோட்டீஸ் வரும்போது அது அவர் பெயருக்கு வராது, உங்கள் பெயருக்கு வரும். உங்கள் வீட்டுக்கு அனுமதி வாங்கிய வரைபடத்தை முதலில் தேடி எடுங்கள். தகர ஷீட்டு பின்னால் போட்டது என்பதால் அது அந்தப் படத்தில் இருக்காது. வராண்டா நிற்கும் இடம் கட்டடப் பகுதியா, காலியாக விட வேண்டிய இடமா என்பதுதான் முக்கியம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 மனை, கட்டட உயரம், தெரு அகலம் ஆகியவற்றை வைத்துச் சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சொல்கின்றன. அந்த இடத்தில் நிரந்தரமாக அறை எழுப்பினால் விதிமீறல். கட்டடப் பகுதிக்குள் இருந்தாலும் திறந்த வராண்டா அறையாக மாறும்போது தளப்பரப்புக் கணக்கும் சொத்துவரியும் மாறலாம். மாநகராட்சியில் பதிவான ஒரு பொறியாளரிடம் படத்தைக் காட்டி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுருட்டித் தொங்கவிடும் தட்டிக்கும் கொசுவலைக்கும் இந்தக் கவலை இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரை "முணுமுணுக்கிறார்" என்று தள்ளிவிட வேண்டாம். அவர் வீடு 1998-ல் கட்டியது, அந்த ஜன்னல் அன்றிலிருந்தே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் இடையூறில்லாமல் கிடைத்துவந்த வெளிச்சத்தையும் காற்றையும் உரிமையாகவே கருதுகிறது. கொஞ்சம் வெளிச்சம் குறைந்தாலே வழக்கு என்று பொருளில்லை. கணிசமான பாதிப்பு என்று காட்ட வேண்டும். உங்கள் இடத்தில் அந்தக் கேள்விக்கு வழக்கறிஞர்தான் பதில் சொல்ல முடியும். ஆனால் மூன்றடி இடைவெளியில் எதிரே கண்ணாடிச் சுவர் வந்தால் அவர் கேட்பார், கேட்கவும் நியாயம் உண்டு. ஷீட்டிலிருந்து விழும் மழைத்தண்ணீர் இப்போது அவர் காம்பவுண்டுப் பக்கம் தெறிக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு குழாய் வைத்து உங்கள் மழைநீர்த் தொட்டிக்கு இறக்கிவிட்டால் அவர் கோபத்தில் பாதி குறையும்.

நானாக இருந்தால்

செலவில் பெரும்பகுதியைக் கூரையில் போடுவேன். வெயிலில் காய்ந்த ஒற்றைத் தகரம் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நீலம், பச்சை என்றால் இன்னும் இழுக்கும். அதற்குக் கீழே பிவிசி சீலிங் மட்டும் அடித்தால் இடையில் அனல் அடைபட்டு, பிவிசி தொய்ந்து தொங்கும். எலி குடியேறுவது தனிக் கதை. ஷீட்டு இப்போது எட்டடி உயரத்தில் இருக்கிறது. தூண்களை உயர்த்திப் பத்தடிக்குக் கொண்டுபோய், நடுவில் சூட்டைத் தடுக்கும் கெட்டி நுரை வைத்த வெள்ளை நிற பஃப் பேனல் 50 மில்லிமீட்டர் கனத்தில் போடச் சொல்லுங்கள். மழைச் சத்தமும் குறையும். உயர்த்திய இரண்டடியில் கிரில் மட்டும் இருக்கட்டும். சூடான காற்று அந்த வழியே ஏறிப் போய்விடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழியாக இருக்கலாம், ஷீட்டு பறந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தூணுக்கு அடியில் காங்கிரீட் அடித்தளமும் ஒவ்வொரு சட்டத்துக்கும் போல்ட்டும் இருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை யார் சொன்னாலும் தொட வேண்டாம்.

மூன்று பக்கமும் இடுப்புச் சுவர் அப்படியே இருக்கட்டும். அதற்கு மேல் குரங்குக்கு கிரில், கொசுவுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. வலை காற்றைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும். வேலூர்ப் புழுதி படிந்தால் இன்னும் குறைக்கும். அதனால் கழற்றிக் கழுவுகிற மாதிரி சட்டத்தில் மாட்டச் சொல்லுங்கள். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஆனியிலிருந்து ஆவணிவரை நம் பக்கம் காற்று மேற்கிலிருந்துதான் வரும். உங்கள் வராண்டா அதற்கு நேரே முகம் காட்டி நிற்கிறது. புழுக்க மாதத்தில் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் மருந்து அது.

மேற்குப் பக்கம் முழுக்கவும், வடக்கு மூலையில் திரும்பி நாலடிக்கும், வலைக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். வெளியே என்பதைக் கவனியுங்கள். உள்ளே தொங்கும் திரை, உள்ளே வந்துவிட்ட வெயிலைத்தான் தடுக்கும். பகல் ஒரு மணிக்கு இறக்கி, ஆறரைக்குச் சுருட்டினால் போதும். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்: ராத்திரி அவர் ஜன்னலுக்குக் காற்று தடைபடாது. மழைச்சாரலுக்குக் கண்ணாடி வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தால், தெற்குப் பக்கத்தில் மட்டும் சாய்த்துத் திறக்கும் பட்டைக் கண்ணாடி வைக்கலாம். அது முழுக்கத் திறக்கும்.

அவரைப் பந்தல் போட ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். போடுங்கள், காய்க்கு. நிழலுக்கு உதவாது, அவரை தழைப்பது மார்கழி, தையில், கத்திரியில் வெறும் குச்சிதான் நிற்கும். நிழலுக்கு ரங்கூன் மல்லி நல்லது, வருடம் முழுக்க இலை இருக்கும், சாயங்காலம் வாசமும் வரும்.

உள்ளே ஒரு பிஎல்டிசி மின்விசிறி. பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 சொச்சம்தான். இன்வெர்ட்டரிலும் நெடுநேரம் ஓடும். விசிறி காற்றைக் குளிர்விக்காது, வியர்வையைக் காயவைக்கும்; ஆளில்லாதபோது ஓடவிடுவதில் பயனில்லை. சித்திரை, கத்திரிக்கு மட்டும் ஒரு ஏர் கூலர் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரமில்லாத வெக்கையில் அது அருமையாக வேலை செய்யும், அதற்குத் திறந்த இடம்தான் வேண்டும். புரட்டாசியில் அதைப் போட்டால் புழுக்கம் கூடும். உறை போட்டு மூலையில் வைத்துவிடுங்கள். வெட்டிவேர்த் தட்டிக்கும் இதே கணக்குதான்.

இன்னும் முடிவெடுக்க முடியாவிட்டால், இந்த வாரமே ஒன்று செய்து பாருங்கள். பெயின்ட் கடையில் வெள்ளை நிறக் கூல் ரூஃப் பெயின்ட் வாங்கி அந்த நீலத் தகரத்தின்மேல் இரண்டு கோட்டு அடிக்கச் சொல்லுங்கள். மேற்கே ஒரு பச்சை நிழல்வலையைக் கட்டித் தொங்கவிடுங்கள். அடிப்பதற்கு முந்தின நாளும் அடித்த மறுநாளும் மதியம் மூன்று மணிக்கு, மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து அளந்து எழுதுங்கள். மாமியார் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு அந்த அளவுதான் முக்கியம்.

முன்பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்காகக் கண்ணாடி போட வேண்டாம். ட்ரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்) வேலையும் கிரில் வேலையும் தானே செய்வதாக அந்தக் கான்ட்ராக்டரின் விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. கண்ணாடி, சீலிங், ஏசி மூன்றையும் அடித்துவிட்டு, கூரை உயர்த்துவதற்கும் வலைக்கும் புதிய விலை கேளுங்கள். 20,000 ரூபாயை அதில் கழித்து, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டர் இடம் மாறும்வரை எந்தத் திறப்பையும் அடைக்க அவரை விட வேண்டாம்.